பதினேழாம் அறையில் மூச்சு

கடல்நீர் ஏறிய மண்ணில் முளைக்கும் நெல்லைத் தேடிப் பேராசிரியர் மெகருன்னிசா ஒன்பது வருடம் செலவழித்திருந்தார். உப்பு மண் நிரப்பிய கடைசி விதைத் தட்டுகளைப் பதினேழாம் அறையில் வைத்துப் பூட்டி ஐம்பது நாளாகிறது. அறுபது நாள் கதவைத் திறக்கக் கூடாது.

ஆனால் பல்கலைக்கழகத்தை இப்போது கணினிதான் நிர்வகித்தது. ஒவ்வோர் அறையிலும் மூச்சுக்காற்றை அது அளக்கும். ஐம்பது நாள் மூச்சே இல்லாத அறை வேறு துறைக்குப் போய்விடும்.

"இன்னும் பத்தே நாள் சார்," என்று பதிவாளரிடம் கெஞ்சினார்.

"என் கையில எதுவும் இல்லைங்க மேடம். நானே அது கொடுத்த ரூம்லதான் உட்கார்ந்திருக்கேன்."

மறுநாள் காலை அறையைக் காலி செய்ய ஆட்கள் வந்தார்கள். ஆய்வக உதவியாளர் சூசைராஜ் கதவில் திறப்பு அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை.

"உள்ளே ஒருவர் இருக்கிறார். காலி செய்ய அனுமதி இல்லை," என்றது கணினியின் குரல்.

"உள்ள யாருமே இல்லியே!" என்றார் சூசைராஜ்.

பக்கத்தில் நின்ற மெகருன்னிசாவுக்குச் சட்டென்று புரிந்தது. முளைவிடும் விதையும் மூச்சு விடும். ஓர் ஆள் அளவுக்கு மூச்சு என்றால், அத்தனை தட்டும் முளைத்திருக்க வேண்டும்.

"சூசை, முளைச்சிடுச்சுய்யா! நெல்லு முளைச்சிடுச்சு!"

அவர் அழுதுகொண்டே சிரித்தார். சாமான் தூக்க வந்தவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"எங்க வயல்ல கடல் ஏறி ஆறு வருசமாச்சும்மா. அதுலயும் வருமா?"

"வரும்ணே. முதல் நாத்து உங்க வயலுக்குத்தான்."