நான்காவது முறை

காலை ஏழேகால் மணிக்கு மூன்றாவது முறையாகக் கரி அணைந்தது.

"தானா அணைஞ்சுதா, நீ அணைச்சியா?" என்றார் பொறுப்பாளர்.

டிரைவர் காலி வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "பழக்கதோஷம்ணே. கொழுந்து விட்டதும் கை தானா போயிடுது."

வேலையிடத்தின் பின்முற்றத்தில் இருவரும் ஒரு வாரம் பாடுபட்டுச் செய்த புகையடுப்பு அது. பழைய இரும்பு டிரம்மின் அடியில் காற்றுத் துளைகள் போட்டு, நடுவில் கம்பி வலை மாட்டியிருந்தார்கள். மதியம் அதிகாரிக்குப் பிரிவு உபசார விருந்து. அதற்குள் எட்டுக் கிலோ இறைச்சி ஐந்து மணி நேரம் புகையில் வேக வேண்டும்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு நெருப்பு மூட்டத் தெரியலையான்னு என் மாமியார் சிரிப்பாங்கண்ணே."

"அவங்களைக் கூட்டிட்டு வந்திருந்தா கரியே வேண்டாமே. தானா பத்திக்கும்."

பொறுப்பாளர் வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு மறுபடி பற்றவைத்தார். ஈரக் கரி இந்த முறை பிடித்துக்கொண்டது. மூடியைப் போட்டதும் வெள்ளைப் புகை மதிலைத் தாண்டி எழுந்தது. இருவரும் துண்டைச் சுழற்றி ஆடினார்கள்.

உள்ளே தொலைபேசி அடித்தது. பொறுப்பாளர் ஆடிக்கொண்டே போய் எடுத்தார்.

"தீயணைப்பு நிலையமா? எதிர் மாடியில இருந்து பேசறேன். உங்க கட்டடத்துக்குப் பின்னாடிதான் சார் தீப்பிடிச்சிருக்கு. உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

எந்த அழைப்பு வந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும் என்பது விதி. அவர் கை தானாகப் போய் மணியை அழுத்தியது.

வாசலில் சிவப்பு வண்டி உறுமியது. ஹெல்மெட்டோடு டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"சீக்கிரம் ஏறுங்கண்ணே. தீ எங்க?"