ஹால் சுவருக்கு ஒரு முகம்

ஸ்கேட்டிங் போர்டில் பறக்கும் பிள்ளைகள், மேம்பாலத்தடியில் ஆடும் பிள்ளைகள் என்று முடிக்குச் சாயம் பூசிய ஊரிலுள்ள வண்ணத்தலைகளை எல்லாம் கணினியில் வரைந்து பெயர் வாங்கியவள் அந்த ஓவியப் பெண். அவளிடம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்து, பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையனின் போட்டோவை நீட்டினார்.

"இந்த முகத்தைப் பெரிசா வரையணும்மா. ஆனா முடி நீலம். புருவத்துல வளையம். கழுத்துல ஒரு பறவையைப் பச்சை குத்தியிருக்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"பையனைப் பயமுறுத்தவா சார்? கேவலமா வரைஞ்சு காட்டுற வேலை நான் செய்யறதில்ல."

"ஐயோ, அழகா வரையணும்மா! போன வாரம் மேம்பாலத்தடியில ஆடுறதைக் கூட்டத்தோட கூட்டமா நின்னு பார்த்தேன். அப்பப்பா! கால் தரையில பட்டுச்சான்னே தெரியல. இது என் வீட்டுல பொறந்ததான்னு வாயைப் பிளந்துட்டேன். போட்டோ எடுக்கக்கூடத் தோணல."

அவள் சிலிர்த்துப்போய் வரையத் தொடங்கினாள். அவர் பக்கத்திலேயே நின்றார்.

"கண்ணுல இன்னும் கொஞ்சம் திமிர் வேணும்மா."

"நேர்லயே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்?"

"நான் போட்ட சத்தத்துல வீட்டை விட்டுப் போன பிள்ளை, நாளைக்குத்தான் திரும்பி வருது. ஹால்ல இன்னும் இந்தப் பழைய போட்டோதான் தொங்குது. அதைப் பார்த்துட்டு வாசலோட திரும்பிடக் கூடாது."

படம் முடிந்தது.

"கீழே 'என் மகன்'னு போடட்டுமா சார்?"

திரையில் ஒளிர்ந்த முகத்தை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

"'என் மகள்'னு போடும்மா."