நிறுத்தாத விரல்கள்

சன்னல் கம்பிகளின் நிழல் கீபோர்டின் மேல் கோடுகோடாக விழுந்து கிடக்கிறது. தெருவில் வெங்காய வண்டிக்காரரின் ஒலிபெருக்கி கூவிக்கொண்டு போகிறது. மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஜெசிந்தா, ஒரு வெளிநாட்டுப் பியானோ மேதையின் பழைய கச்சேரியைக் கைப்பேசியில் மறுபடியும் பின்னுக்குத் தள்ளுகிறாள். எண்பது வயது விரல்கள், தோசைக்கல்லில் சூடு பார்ப்பதுபோல், கட்டைகளைத் தொட்டுத் தொட்டு இறங்கி வருகின்றன. ஒரு விரல் மட்டும் தவறான கட்டையில் விழுகிறது. அவர் திரும்பிப் பார்ப்பதேயில்லை. அந்தத் தப்பையும் தோளில் தூக்கிக்கொண்டு இசை மேலே போகிறது.

“அதே எடத்தையே எம்புட்டு நேரந்தான் கேப்ப? சோறு ஆறுது,” என்கிறார் கணவர் ஆனந்த்ராஜ்.

“தப்பா வாசிச்சும் மனுசன் நிறுத்தலைங்க,” என்கிறாள் தலை நிமிராமல்.

நேற்று அவள் நிறுத்திவிட்டாள். காலையில் கல்யாணப் பூசைக்குப் பொத்தானை அழுத்தி ஏற்றிய சுருதியை, மாலை அடக்கப் பூசைக்கு இறக்க மறந்துபோனாள். பாட்டு எட்டாத உயரத்தில் தொடங்க, பாடகர் குழு திணறியது. பதறிப்போய் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இறந்தவரின் மனைவி சலேத்தம்மாள்தான், பெட்டிக்குள் கிடந்த கணவனைப் பார்த்தபடி, அந்தப் பாட்டை உடைந்த குரலில் தனியாகப் பாடி முடித்தாள்.

மேதையின் விரல் மறுபடியும் தவறான கட்டையில் விழுகிறது. அடுத்த சுரம் வருமுன் இசை அறுந்து, கைப்பேசி மணி அடிக்கிறது. திரையில் சலேத்தம்மாளின் பெயர். ஜெசிந்தா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.