பச்சை வந்த நாள்

நெல்மணி அளவே இருந்த ஒரு சிலிக்கான் சில்லுக்குள்ளே இரண்டு அடுக்குகள், அக்காவும் தங்கையுமாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் இழை வழியாக அவர்களிடம் வெளிச்சம் வரும். நீலம் வந்தால் முன்னால் இருக்கும் அக்கா பிடித்துக்கொண்டு, வெளியே இருக்கும் மோட்டாரிடம் "ஓடு" என்பாள். சிவப்பு வந்தால் அக்காவைத் தாண்டிப் போய்த் தங்கை மேல் விழும். அவள் "நில்" என்பாள்.

ஒருநாள் மோட்டாரின் பெல்ட் நைந்து, இப்பவோ அப்பவோ என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பச்சை வந்தது. அதுவரை அந்தப் பக்கம் வராத ஆள். வந்ததில் பாதி அக்கா மேல் விழுந்தது, மீதி தங்கை மேல் விழுந்தது.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. சிவப்பு மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

"அக்கா, வந்திருக்கிறது யாரு?"

"நீலம்தான்டி. கொஞ்சம் இளைச்சிருக்கு."

"எனக்குச் சிவப்பு மாதிரியில்ல தெரியுது!"

"உனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்."

"நீலமும் இல்லைங்க, சிவப்பும் இல்லைங்க, நான் பச்சை..." என்று அது ஆரம்பித்தது. யார் காதிலும் ஏறவில்லை. அக்கா "ஓடு" என்றாள், தங்கை "நில்" என்றாள். ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் மோட்டார் வெடுக் வெடுக்கென்று இழுத்ததில், பெல்ட் பட்டென்று அறுந்து விழுந்தது.

"பெல்ட் தாங்காது, மெதுவாப் போன்னு சொல்லத்தாங்க வந்தேன்" என்றது பச்சை.

"அதை நீலமாவோ சிவப்பாவோ வந்து சொல்றதுக்கென்ன?" என்றாள் அக்கா.

அத்தனை குழப்பத்திலும் தங்கைக்கு அது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது.