சல்யூட் வாங்கிய பச்சைக் கார்

மத்திகிரி திம்மராயனுக்கு நிலம் இருந்தது, மாந்தோப்பு இருந்தது, வட்டார மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் பதவியும் இருந்தது. மரியாதைதான் இல்லை. மைக்கைப் பிடித்தால் மூன்று மணி நேரம் சாராயத்தைத் திட்டுகிறவரை எவன் மதிப்பான்? அடுத்த மாதம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வேறு. இந்த லட்சணத்தில் நின்றால் டெபாசிட்கூடத் தேறாது என்று அவருக்கே தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெங்களூர் கோவிந்தப்பன் ஒரு பழைய பச்சைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கூரையைக் குடை மாதிரி மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். உள்ளே இருப்பவரை ஊரே பார்க்கும்.

"எட்டு வருஷமா நானே ஓட்டுன வண்டிங்க. முதுகு வலி தாங்கல, அதான் குடுத்துடறேன்" என்றவன் சொன்ன விலை, ஒரு ஜோடி உழவு மாட்டு விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

சரோஜம்மாள் கணவரை உள்ளே இழுத்தாள்.

"ஏங்க, இந்த விலைக்கு யாராச்சும் காரு விப்பானா? இது திருட்டு வண்டிதாங்க. தேர்தல் நேரத்துல நீங்க உள்ள போயிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடமாடறது?"

"வாயைக் கழுவுடி. ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

மைசூர் எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை வெள்ளோட்டம். அங்கே அவரைக் காபி ஹோட்டலில் உட்காரவைத்துவிட்டு, டயருக்குக் காற்றடிக்கப் போன கோவிந்தப்பன் அரை மணி கழித்து வந்தான். அதற்குள் திம்மராயன் எதிர் மேஜைக்காரனைப் பிடித்துக்கொண்டு, மைசூர் ராஜ்யத்தில் இன்னும் சாராயக்கடை இருப்பது எத்தனை கேவலம் என்று விளக்கி, அவனைப் பாதி இட்லியோடு ஓடவைத்திருந்தார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. வைக்கோல் வண்டியைக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள், பச்சைக் காரைக் கண்டதும் ஓடிவந்து தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள். ஏட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"யாருக்குய்யா இது?" என்று கோவிந்தப்பனைக் கேட்டார் திம்மராயன்.

"உங்களுக்குத்தாங்க! திறந்த காரு பாருங்க, தலைவரு முகம் நல்லா தெரியுது."

பேரமே பேசாமல் வாங்கிவிட்டார்.

அப்புறம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் அத்திப்பள்ளிப் பயணம்தான். பின்சீட்டில் நாலு ஓட்டர்களையும் ஏற்றிக்கொள்வார். தினம் ஒரு சல்யூட். "திம்மராயண்ணனுக்கு மெட்ராஸ் வரைக்கும் ஆளு இருக்குதப்பா" என்று ஊர் வாய் பிளந்தது.

ஆனால் போகப் போக ஏட்டின் சல்யூட்டில் விறைப்பு குறைந்தது. ஒருநாள் காருக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு நாள் டிக்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு நம்பர் பலகையையே முறைத்துக்கொண்டு நின்றார். இதைக் கேட்ட சரோஜம்மாள் வண்டிப் பத்திரத்தையும் ரசீதையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. திம்மராயன் வீட்டுக் கூடத்தில் மதுவிலக்குக் கமிட்டிக் கூட்டம், பதினொரு பேர். வாசலில் அதே ஏட்டு, மஃப்டியில் வந்து நின்றார்.

"ஐயோ, நான் அன்னைக்கே சொன்னேனே!" என்று சரோஜம்மாள் அலறினாள்.

திம்மராயன் பீரோவைத் திறந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். "எல்லாம் சுத்தமா இருக்குது ஏட்டையா. பத்திரம் இருக்குது, ரசீது இருக்குது. சத்தியமா திருட்டு வண்டி இல்லீங்க."

ஏட்டு காகிதத்தைத் தொடவே இல்லை.

"திருட்டு வண்டின்னு யாருங்க சொன்னது? வண்டியோட சேத்து தொழிலையும் உங்களுக்கே குடுத்துட்டதா கோவிந்தப்பன் சொல்லிட்டாரு" என்றவர், பதினொரு பேர் காதிலும் விழும்படி அழாக்குறையாகத் தொடர்ந்தார்:

"ஆனா வெள்ளோட்டத்தன்னிக்கு நீங்க முன்சீட்டுல உக்காந்து கொண்டாந்த அம்பது பாட்டில் சாராயத்தோட சரி, ஒரு மாசமா வெறும் வண்டிக்கே சல்யூட் அடிச்சிக்கிட்டிருக்கோம், நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானுங்களே, தலைவரே!"