மூண்டு கேன் தண்ணி

கிணறெல்லாம் உப்பாய்ப்போன, கதைக்கு மட்டும் குறைவில்லாத ஒரு தீவிலே, வீடு வீடாய்த் தண்ணி கொண்டுபோகிற ஒரு பவுசர் லொறி ஓடிக்கொண்டிருந்ததாம்.

எத்தனை கேன் வேண்டுமென்று போனில் இலக்கத்தை அனுப்பினால் போதும். ஆனால் அங்கே புளியங்கூடல் ஊர்ச்சனம் அப்படி அனுப்பாது. "மூண்டு கேன்", "ஒண்டு காணும்" என்று எழுத்தில்தான் அனுப்பும். ஓடர் எடுக்கவென்று பவுசர் கொம்பனிப் பொடியன் சஞ்சீவன் பைதனில் எழுதிய கணினி நிரலோ இலக்கத்தைத்தான் எதிர்பார்க்கும். எழுத்து வந்தால் கணக்குப் போடப்போய் விழுந்து நின்றுவிடும். விழுந்ததையெல்லாம் பவுசர் கந்தோரில் வேலைசெய்யும் ஜொய்சி கையால் திருத்துவாள்.

"இதுகளுக்கு இலக்கமே தெரியாதோ?" சஞ்சீவனுக்கு எரிச்சல்.

கடைசியில் நிரலை மாற்றினான். ஓடரை எப்படி எழுதி அனுப்பினாலும் வாசலிலேயே இலக்கமாக்கித்தான் உள்ளே விடும்.

பொறுப்பாளர் வைத்திலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். "கெட்டிக்காரனடா! அப்ப வாற மாசம் ஜொய்சியை நிப்பாட்டலாம்."

சஞ்சீவனின் சிரிப்பு அரைவாசியில் நின்றது. ஜொய்சி பிள்ளையை ரியூசனிலிருந்து கூட்டிவர எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஒரு எழுத்தும் வரவில்லை. வந்ததெல்லாம் குரல் பதிவு. ஊர்ப் பெரியவர் விநாயகமூர்த்தியர் மட்டும் மூன்று விரலை விரித்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நிரல் திரும்பவும் விழுந்தது.

சஞ்சீவன் நேரே அவர் வீட்டு வாசல் படலைக்குப் போனான்.

"ஐயா, மாத்தறையிலை கடை வைச்சுக் கணக்குப் பார்த்த மனிசன் நீங்கள். மூண்டெண்டு ஒரு இலக்கம் அடிக்க ஏலாதோ?"

"ஏன் ஏலாது?"

"பின்னை?"

"உம்மடை மெசின் விழுந்தால்தானே தம்பி ஜொய்சிக்கு வேலை நிலைக்கும். புருசனைக் கடல் கொண்டுபோன பிள்ளை. ஊர்ச்சனம் தொடக்கத்திலையிருந்தே பிழையாத்தான் அனுப்புறது. நீர்தான் சும்மா இருக்கேல்லை."

"படத்தையும் என்னாலை இலக்கமா மாத்த ஏலும், ஐயா."

"மாத்தும். நாங்கள் வேறை மாதிரி அனுப்புவம்."

சஞ்சீவன் அந்தப் படலையடியில் நின்றே வைத்திலிங்கத்துக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, இந்தச் சனத்தோடை மெசினாலை ஏலாது. ஜொய்சியக்கா இருக்கத்தான் வேணும்."

போனை வைத்தவன், தன் வீட்டுக்கும் தண்ணி கேட்டு ஒரு ஓடர் அனுப்பிவிட்டு நடையைக் கட்டினான்:

"போனமுறையிலும் பார்க்கக் கொஞ்சம் கூடுதலா."