சம்பந்தியம்மா பார்த்த பிரிட்ஜ்

"கதவு சரியா ஒட்டலையே," என்றாள் தெய்வநாயகி.

கடைக்காரன் தருமன் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துக் காட்டினான். காகிதம் கிழிந்துதான் வந்தது.

"பாருங்கம்மா, எப்படிக் கவ்வுது! உள்ள காந்தம் வெச்சிருக்கான்."

"இன்னிக்குக் கவ்வும். நாலு மாசம் போனா இளிச்சுகினு நிக்கும்."

ஆரணி பஜாரில் கத்திரி வெயில். கடையின் மின்விசிறி அனலைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. காலையில் வந்தவர்கள், சாப்பாட்டு வேளையும் தாண்டிவிட்டது.

மகன் கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் சீராகத் தரும் பிரிட்ஜைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தாள் தெய்வநாயகி. பணம் கொடுக்க வேண்டிய தணிகாசலம், பெண்ணின் அப்பா, சந்தவாசலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இருந்த ஒரே நாற்காலியில் தெய்வநாயகியின் கணவர் ரங்கசாமி. நெசவாளிகளுக்குப் பாவு நூல் கொடுத்துப் பட்டுப்புடவை நெய்து வாங்குகிறவர்.

"அவசரமே இல்ல. நிதானமா பாரு," என்றார், சோடாவை உறிஞ்சிக்கொண்டே.

"பணம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்துடும் தம்பி," என்றார் தணிகாசலம், தருமனிடம். "கெணத்து நெலத்தை விலை பேசிட்டேன். பத்திரம் முடிஞ்சதும் நேரா இங்கதான்."

"கெணத்து நெலத்தையா? வேற ஏதாவது வெளையாத கரம்பு கிரம்பு..." என்று இழுத்தான் தருமன்.

"இருக்கறதே அது ஒண்ணுதான்பா."

"பொண்ணுக்குச் செய்யறது எங்கயும் போயிடாது சம்பந்தி," என்றார் ரங்கசாமி, ஏப்பம் விட்டபடி.

தெய்வநாயகி அடுத்ததைத் திறந்தாள். இருப்பதிலேயே பெரியது.

"ஐஸ் பெட்டி எட்டாத ஒசரத்துல இருக்கு. எடுத்து எடுத்து தோள்பட்டை விட்டுப்போயிடும். காய்கறி டப்பா தரையோட கெடக்கு. குனிஞ்சா இடுப்பு போச்சு."

"அப்ப நடுத்தட்டுலயே எல்லாத்தையும் வெச்சுக்குங்கம்மா," என்றான் தருமன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்கடுத்ததில் காதை வைத்தாள். "என்னா இது, கொர்ருங்குது! வீட்டுல ஏற்கெனவே தறிச் சத்தம் போதாதா?" இன்னொன்றில் ரப்பர் நாற்றம், மாவு வைத்தால் மாவும் நாறுமாம்.

தணிகாசலம் ஓரமாக இருந்த சின்ன நீல நிறப் பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தார். "இது... அடக்கமா, நல்லா இருக்கற மாதிரி தெரியுதும்மா?"

"இதுல என்னாத்த வெக்கறது? வெத்தலையா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கூட வந்திருந்த அவர் தங்கை சின்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "புடவையில குத்தம் கண்டுபுடிச்சு நெய்யறவன் கூலியைக் கொறைக்கற வீடாச்சே," என்று தருமனிடம் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பிரிட்ஜை மட்டும் சும்மா விடுவாங்களா? எங்க அண்ணன் பொண்ணு இந்த மாமியாகிட்ட என்னா பாடு படப்போவுதோ!"

தெய்வநாயகி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு கதவைத் திறந்து, பூட்டு சரியில்லை என்றாள்.

ரங்கசாமியே சலித்துப்போனார். "ரொம்பப் பேஜாரா போச்சு. அந்தப் பெரிசையே ஜல்தி முடிச்சுடலாம்."

"எனக்குப் புடிக்கல."

"எனக்குப் புடிச்சிருக்கு!"

"உங்களுக்கு எதுக்குப் புடிக்கணும்? நிச்சயத்தன்னிக்கு சபையில என்னா சொன்னீங்க? 'நான் எதுவும் கேக்கல, என் வீட்டுக்காரிதான் பிரிட்ஜு பிரிட்ஜுன்னு உசிரை விடறா, அவ மனசுக்குப் புடிச்சதா ஒண்ணு குடுத்துடுங்க'ன்னுதானே?"

ரங்கசாமி சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். கேட்டது தான்தான் என்று பெண்வீட்டார் எதிரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சரி, வேலூர்ல போய்ப் பாக்கலாம்."

"வேலூர்ல என்னா, வேற மாதிரியா செஞ்சு வெச்சிருக்கான்? இந்த வெயில்ல இன்னொரு கடை ஏறி எறங்க என்னால ஆவாது. எங்க பாத்தாலும் எனக்குப் புடிக்காது." தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "பிரிட்ஜே வேணாம் அண்ணே. முகூர்த்தம் நெருங்குது, மத்த வேலையைப் பாருங்க. இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்."

"எங்க மேல ஏதாவது மனத்தாங்கலாம்மா?" என்றார் தணிகாசலம்.

"பிரிட்ஜு மேலதான்."

ரங்கசாமி குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினார். ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே தணிகாசலம் பின்னால் ஓடினார்.

"பிரம்மாவே எறங்கி வந்து செஞ்சு குடுத்தாலும் உங்களுக்குப் புடிக்காதும்மா," என்று சொல்லிவிட்டுச் சின்னம்மாளும் போனாள்.

கணவர் விட்டுப்போன நாற்காலியில் தெய்வநாயகி உட்கார்ந்தாள். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டி அந்தச் சின்ன நீலப் பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த குளிரில் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டினாள்.

"அரை நாள் என் பொழப்பைக் கெடுத்தாச்சு," என்றான் தருமன் கடுப்புடன். "புடிக்கலன்னுட்டீங்களே, இன்னும் என்னம்மா?"

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் நாளைக்குத் தனியா வந்து பெரிசை எடுத்து வைன்னு சொல்லுவாரு. வித்துப்போச்சுன்னு சொல்லிடு," என்று எழுந்தாள். "அந்த மனுசன் இருக்கற ஒரு நெலத்தையும் வித்து, நான் ஜில்லுன்னு தண்ணி குடிக்க வேணாம்."